14 பாகம் ஒரே துண்டானது… வெல்டருக்கு இனி என்ன வேலை?

நெல்லை மாவட்டம், மகேந்திரகிரி. 2024 மே 9-ம் தேதி அங்குள்ள இஸ்ரோ மையத்தில் ஒரு சின்ன ராக்கெட் இன்ஜினை எரியவிட்டுச் சோதித்தார்கள். 665 விநாடிகள், அதாவது 11 நிமிடங்களுக்கு மேல் நிற்காமல் எரிந்தது. மகேந்திரகிரிக்கு இன்ஜின் சோதனை புதிதல்ல. ஆனால், இது 3டி பிரின்டரில் அச்சடித்த இன்ஜின்!

பி.எஸ்.எல்.வி ராக்கெட்டின் நான்காவது நிலையில் இருக்கும் பி.எஸ்.4 இன்ஜின்தான் அது. வழக்கமாக 14 பாகங்களைத் தனித்தனியாகச் செய்து, வெல்டிங் வைத்துச் சேர்ப்பார்கள். புதிய முறையில் அந்த 14 பாகமும் ஒரே துண்டு. 19 வெல்டிங் இணைப்புகள் தேவையே இல்லாமல் போய்விட்டன. முன்பு ஓர் இன்ஜினுக்கு 565 கிலோ உலோகம் வேண்டும், இப்போது 13.7 கிலோ உலோகத்தூள் போதும். தயாரிப்பு நேரமும் 60 சதவிகிதம் குறைந்திருக்கிறது. இஸ்ரோ வடிவமைத்துக் கொடுக்க, அச்சடித்தது விப்ரோ 3டி நிறுவனம்.

மூன்றே வாரத்தில் அடுத்த செய்தி. மே 30-ம் தேதி சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சடித்த இன்ஜினுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியது. ஐ.ஐ.டி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் இந்த நிறுவனத்துக்குச் சொந்த இன்ஜின் தொழிற்சாலையே இருக்கிறது.

லேத் பட்டறையில் பெரிய உலோகக் கட்டியைக் கடைந்து கடைந்து, வேண்டாததைச் சுருள் சுருளாகக் கழிப்பார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். முடியின் கனம்கூட இல்லாத அளவுக்கு உலோகத்தூளைப் பரப்பி, தேவையான இடத்தை மட்டும் லேசர் உருக்கும். அதன்மேல் அடுத்த பரப்பு, மறுபடி லேசர். ஒரு கோலத்தின்மேல் இன்னொரு கோலமாக ஆயிரக்கணக்கில் போட்டால் எப்படி உயரும்? அப்படித்தான் பொருள் வளர்கிறது.

பிரின்டருக்குப் பிறகுதான் பாதி வேலை

சரி, 19 வெல்டிங் போய்விட்டதே… வெல்டருக்கு? அம்பத்தூரிலோ கோவையிலோ 20 வருடம் பற்றவைத்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர், இந்தச் செய்தியைப் படித்தால் வயிற்றில் புளி கரைக்காதா?

அவர் முதலில் பார்க்க வேண்டியது, பிரின்டரிலிருந்து பொருள் எந்த நிலையில் வெளியே வருகிறது என்பதை. டீக்கடையில் டீ வருவதுபோல அது தயாராக வருவதில்லை. தூளுக்குள் புதைந்து, அடித்தட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் நுண்ணிய குழாய்களில் சிக்கிய தூளைத் தட்டி எடுக்க வேண்டும். அதன்பின் உலையில் வைத்துச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டுத் தட்டிலிருந்து அறுத்தால், உள்ளுக்குள் இறுகியிருக்கும் விசை பொருளையே வளைத்துவிடும். தாங்குவதற்காக அச்சடித்த கால்களை வெட்டி எடுத்து, மரை போட்டு, மற்ற பாகங்களோடு பொருந்தும் முகப்புகளை சி.என்.சி மெஷினில் கடைய வேண்டும். கடைசியில் எக்ஸ்-ரே, சி.டி ஸ்கேன். உள்ளே ஊசிமுனைத் துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அது இன்ஜினுக்குப் போகும்.

இதில் எத்தனை வேலை ஃபிட்டருக்கு, டர்னருக்கு, வெல்டருக்கு ஏற்கெனவே தெரிந்தவை! தகட்டின் ஒரு பக்கம் சூடு வைத்தால் மறுபக்கம் எப்படி இழுக்கும் என்று வெல்டருக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. லேசர் செய்வதும் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெல்டிங்தான். அவருக்குப் புதியது கம்ப்யூட்டர் ஃபைலும் தூளைக் கையாளும் பாதுகாப்பும். டைட்டானியம், அலுமினியம் போன்றவற்றின் நுண்தூள் தீப்பிடிக்கும். மூச்சில் போனாலும் ஆபத்து. முகக்கவசம் அணிவதிலிருந்து தரையைச் சுத்தம் செய்வதுவரை தனிப் பழக்கம் வேண்டும்.

மறுபக்கம், கம்ப்யூட்டரில் அழகாக வரையத் தெரிந்தும் சூடான உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாத இன்ஜினீயரிங் மாணவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் பிரின்டரில் பிள்ளையார் பொம்மை அடித்துக் காட்டுவது கண்காட்சிக்குச் சரி. தொழிற்சாலைப் பயிற்சி ஆகாது.

ஒரு லட்சம் பேர்

மத்திய அரசு 2022 பிப்ரவரியில் இதற்கெனத் தேசிய உத்தி ஒன்றை வெளியிட்டது. அது வைத்த இலக்குகளில் ஒன்று, ஒரு லட்சம் திறன்பெற்ற தொழிலாளர்கள். ஐ.டி.ஐ-க்களுக்கும் 3டி பிரின்டிங்கிற்கான பாடப்பிரிவு வந்திருக்கிறது. எல்லாம் நல்ல விஷயம். ஆனால், இப்படிப் பாடப்பிரிவில் சேர்பவர்கள் பெரும்பாலும் பள்ளி முடித்த பிள்ளைகள். 45 வயது வெல்டர் சம்பளத்தை விட்டுவிட்டு வகுப்பில் போய் உட்கார முடியாது. வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, பட்டறையிலேயே சில வாரப் பயிற்சி தந்தால் மட்டுமே அவர் வருவார். உலோகப் பிரின்டர் விலை கோடிகளில் போவதால், பத்துப் பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகளுக்குப் பொதுவான மெஷினும் வேண்டும்.

எல்லாப் பட்டறையும் பிரின்டருக்கு மாறப்போவதும் இல்லை. லட்சக்கணக்கில் போல்ட் வேண்டுமென்றால் பழைய முறைதான் மலிவு. குறைந்த எண்ணிக்கை, சிக்கலான வடிவம், எடை குறைய வேண்டும் என்ற கட்டாயம்… இவை சேரும் இடத்தில்தான் பிரின்டர் ஜெயிக்கும்.

பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் சேர்க்கைக்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். இங்கே உலோகப் பிரின்டர் இருக்கிறதா, பிளாஸ்டிக் மட்டுமா? அச்சடித்ததைச் சூடேற்றும் உலையும் கடையும் மெஷினும் உண்டா? தேறாத பொருளைக் கையில் கொடுத்து, ஏன் தேறவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்வார்களா?