பசளைக் களஞ்சியத்திற் பாரந்தூக்கி: வாயு மூட்டுகளையும் வால்வுகளையும் பேணும் முறை

கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே தேயிலைத் தொழிற்சாலைகளும் பசளைக் களஞ்சியங்களும் பல உள. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய பின்னர், நெடுங்காலமாகப் பெட்டியையும் மூட்டையையும் மனிதர் தோளிலும் தலையிலும் சுமந்தே இடம் மாற்றினர். இன்று பெரிய களஞ்சியங்களில் அவ்வேலையைப் பாரந்தூக்கி யந்திரம் செய்கின்றது. இவ்யந்திரங்கள் மின்கலத்தாலோ, டீசலாலோ, புரோப்பேன் வாயுவாலோ இயங்குவன. தேயிலை பிற மணங்களை விரைவில் ஈர்த்துக்கொள்ளும் பொருளாதலால், அது வைக்கப்படும் கட்டடத்தினுள் டீசற் புகை விரும்பத்தக்கதன்று. வாயு யந்திரத்தின் புகையில் கரியும் நாற்றமும் குறைவு. ஆயினும், பழைய வாயு யந்திரமொன்றைப் பசளைக் களஞ்சியத்தில் உபயோகிப்போர் அதன் பித்தளை மூட்டுகளையும் றப்பர் வளையங்களையும் நாள்தோறும் கவனித்தல் அவசியம். அவ்வாறு கவனிக்க வேண்டியதன் காரணங்களும் முறைகளும் கீழே விளக்கப்படுகின்றன.

வாயுவின் இயல்பு

புரோப்பேன் சிலிண்டரினுள் திரவமாக இருக்கின்றது. திறந்த வெளியில் அது பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். ஆகவே, கசியும் திரவம் கையிற் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். ஒரு போத்தல் திரவம் ஆவியாகும்போது ஏறக்குறைய 270 போத்தல் வாயுவாகப் பெருகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு வாயு கலந்தாலே தீப்பற்றுவதற்குப் போதுமானது.

இவ்வாயு காற்றிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரமானது. ஆதலால் அது மேலெழுந்து கலைந்து போகாது. நிலத்தோடு ஊர்ந்து, நீரைப்போலப் பள்ளத்தை நாடிச் செல்லும். சமதரையிலுள்ள கட்டடத்திலும் பார்க்கச் சரிவிலுள்ள கட்டடத்தில் இதனால் விளையும் அபாயம் அதிகம். மேல்தளத்திற் கசிந்த வாயு கான் வழியே கீழிறங்கி, தேயிலை உலர்த்தும் அடுப்பு எரியும் இடத்தையோ, அயலிலுள்ள குடியிருப்பின் சமையலறையையோ அடையக்கூடும். கசிவு ஓரிடத்திலும் தீ வேறோரிடத்திலும் இருக்க, விபத்து நேரும்.

சமையலுக்கு வழங்கும் வாயு புரோப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவையாகும். 20 பாகை செல்சியசில் மூடிய சிலிண்டரினுள்ளே புரோப்பேனின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறக்குறைய 8 மடங்காகும். பியூட்டேனின் அமுக்கமோ ஏறக்குறைய 2 மடங்கே. ஆகவே, புரோப்பேனின் பங்கு கூடுந்தோறும் மூட்டுகள் தாங்க வேண்டிய அமுக்கமும் கூடும். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பகுதிகளில் சமையல் வாயுவோடு தொடர்புடைய வெடிப்புக்களும் தீவிபத்துக்களும் நிகழ்ந்தன. அவற்றை ஆராய ஜனாதிபதியால் ஒரு குழு நியமிக்கப்பட்டது. கலவையில் புரோப்பேனின் பங்கு மாற்றப்பட்டமையும், பழுதுபட்ட குழாய்கள், றெகுலேற்றர்கள் ஆகியவற்றின் நிலையும் அக்காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டன. வீட்டு அடுப்பின் மூட்டுக்கே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், நாள் முழுவதும் குலுங்கி ஓடும் யந்திரத்தின் மூட்டுக்கு அதனினும் கூடிய கவனம் வேண்டும்.

பசளையும் பித்தளையும்

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த படையினர், மழைக்காலத்திலே துப்பாக்கி ரவைகளைக் குதிரை லாயங்களில் வைத்தல் வழக்கம். மழை ஓய்ந்து எடுத்துப் பார்க்கையில், பித்தளை உறைகள் பல வெடித்திருக்கக் கண்டனர். இதன் காரணம் 1921 ஆம் ஆண்டிலேயே விளக்கப்பட்டது. விலங்குகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, ஈரக்காற்றோடு கூடி, இறுக்கத்திலிருந்த பித்தளையைப் பிளந்திருந்தது.

பசளைக் களஞ்சியத்திலும் இந்நிலையே ஏற்படலாம். யூரியா நனைந்து சிதையும்போது அமோனியா உண்டாகும். அமோனியம் சல்பேற் சுண்ணாம்போடு சேர்ந்தாலும் அமோனியா வெளிப்படும். கண்டிப் பிரதேசத்தின் ஈரக்காற்று அதற்குத் துணை செய்கின்றது. பாரந்தூக்கியின் வால்வுகளும் இணைப்புகளும் பெரும்பாலும் பித்தளையாலானவை. அவை இறுக்கி முடுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கின்றன. புறத்தே பளபளப்பாகத் தோன்றும் சுரையில், மயிரிழை போன்ற வெடிப்பு உள்ளே வளர்ந்திருத்தல் கூடும். ஆதலால், அளவுக்கு மிஞ்சி முடுக்குதல் கசிவை நிறுத்தாது, வெடிப்பை வளர்க்கும்.

மற்றுமொரு தீங்கும் உண்டு. கசிவை அறிவதற்காகவே வாயுவில் துர்நாற்றப் பொருள் சேர்க்கப்படுகின்றது. பசளையின் காரநெடி நிறைந்த இடத்தில் வேலை செய்வோரின் மூக்கு அந்நாற்றத்தைப் பிரித்தறியத் தவறலாம். எனவே, இக்களஞ்சியங்களில் மூக்கை நம்புதல் தகாது. சவர்க்கார நீரையே நம்புதல் வேண்டும்.

நாள்தோறும் செய்ய வேண்டிய சோதனை

காலையில் யந்திரத்தை இயக்கு முன் சாரதி பின்வருவனவற்றைச் செய்தல் வேண்டும்:

1. சிலிண்டரின் வால்வு, இணைப்பு, குழாய், அடைப்பு வால்வு, றெகுலேற்றர் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் உற்றுநோக்குக. பச்சை நிறக் களிம்பு, வெடிப்பு, தேய்வு, எண்ணெய்க் கசடு ஆகியன உளவா எனப் பார்க்க.

2. வால்வை மெதுவாகத் திறக்க. திடீரெனத் திறந்தால், குழாய் அறும்போது ஓட்டத்தை நிறுத்துவதற்கென அமைந்த தடுப்பு வால்வு மூடிக்கொள்ளும், யந்திரமும் இயங்காது.

3. சவர்க்கார நீரைத் தூரிகையால் ஒவ்வொரு மூட்டிலும் தடவுக. குமிழி எழுந்தால் கசிவு உண்டு. அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களை இதற்கு உபயோகிக்கலாகாது. கசிவைத் தேடும் திரவமே பித்தளையைக் கெடுத்துவிடும். தீக்குச்சியாற் சோதித்தல் உயிராபத்தானது.

4. மூட்டொன்றில் வெண்பனி படிந்திருப்பின் அங்கே திரவம் கசிகின்றதெனக் கொள்க. ஓடும் யந்திரத்தின் றெகுலேற்றரில் பனி படியுமாயின், அதனைச் சூடாக்கும் இயந்திர நீர் சரிவரச் சுற்றவில்லை என்பது பொருள்.

கசிவு கண்டவிடத்து, வால்வை மூடி, யந்திரத்தை இயக்காது, தாழ்வான இடங்களிலிருந்து ஆட்களை விலக்கிக் கதவுகளைத் திறந்துவிடுதல் வேண்டும். மின்விளக்குச் சுவிச்சைத் தொடலாகாது. வால்வை மூடியும் கசிவு நில்லாவிடின், பாதுகாப்பான தூரத்துக்கு விலகி, 110 என்னும் இலக்கத்தில் தீயணைப்புப் படையினரை அழைத்தல் வேண்டும்.

சிலிண்டரை மாற்றும் முறை

முதலிற் சிலிண்டரின் வால்வை மூடி, குழாயில் எஞ்சிய வாயு எரிந்து தீரும்வரை யந்திரத்தை ஓடவிடுக. இவ்வாறு செய்யாது விட்டால், இரு வால்வுகளுக்கிடையே திரவம் அகப்பட்டுக்கொள்ளும். வெயிலில் அது சூடேறி விரிந்து குழாயைத் தாக்கும். யந்திரம் தானே நின்றபின் சாவியை மூடி, கையுறை அணிந்து இணைப்பைக் கழற்றுக.

இணைப்பினுள் அமைந்த சிறிய றப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் நோக்குதல் வேண்டும். பழைய யந்திரங்களிற் கசிவு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். வளையம் தட்டையாகியோ, வெடித்தோ, கடினமாகியோ இருப்பின், வாயுவுக்கென ஆக்கப்பட்ட புதிய வளையத்தை இடுக. தண்ணீர்க் குழாய்க்குரிய வாசரையோ, சைக்கிள் றப்பரையோ வெட்டி இடுதல் கூடாது. கையால் முடுக்குவதற்கென ஆக்கப்பட்ட இணைப்பைக் கையாலேயே முடுக்குக. அதற்கு ஸ்பானர் வேண்டா.

படுக்கையாக வைக்கப்படும் சிலிண்டரின் கழுத்திலுள்ள துளை, யந்திரத்திலுள்ள முளையிற் சரியாகப் பொருந்துதல் வேண்டும். அப்போதே பாதுகாப்பு வால்வு மேற்புறத்தில், வாயு இருக்கும் பக்கத்தில் அமையும். அது கீழ்ப்புறமாயின், திறக்கும் வேளையில் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே பீறிடும். சிலிண்டரில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திரவம் நிரப்பலாகாது. எஞ்சிய இடம் வெப்பத்தால் விரிவதற்கு உரியது.

2022 ஆம் ஆண்டில் வாயுத் தட்டுப்பாடு நேர்ந்து, மக்கள் சிலிண்டர்களோடு வரிசையில் நின்றனர். அத்தகைய காலத்தில், வீட்டுச் சிலிண்டரையே பாரந்தூக்கியிற் படுக்க வைத்துக் கட்டலாமென்னும் எண்ணம் எழுதல் இயல்பு. அது பெரும் பிழையாகும். வீட்டுச் சிலிண்டர் நிமிர்ந்து நின்று வாயுவை மட்டும் தருமாறு அமைந்தது. பாரந்தூக்கியின் சிலிண்டர் திரவத்தைத் தருமாறு அமைந்தது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

யந்திரத்தை நிறுத்தி வைத்தல்

வேலை முடிந்தபின் சிலிண்டரின் வால்வை மூடுதல் வழக்கமாதல் வேண்டும். யந்திரத்தைக் கான், குழி, நிலவறை ஆகியவற்றுக்கு அண்மையிலும், நனைந்த பசளை மூட்டைகளுக்கு அருகிலும் நிறுத்தலாகாது. வாரந்தோறும் பசளைத் தூசியை உலர்ந்த துணியால் மூட்டுகளிலிருந்து துடைத்தெடுக்க. வால்வையும் றெகுலேற்றரையும் பிரித்துத் திருத்தும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். பாதுகாப்பு வால்வைக் கம்பியாற் கட்டுதலோ, மெழுகால் அடைத்தலோ எக்காரணங்கொண்டும் செய்யத்தக்கதன்று. கலவை சரிவர எரியாத பழைய யந்திரம் நிறமும் மணமுமற்ற காபன் மொனொக்சைட்டு என்னும் நஞ்சை வெளியிடுமாதலால், கதவடைத்த அறையில் அதனை ஓடவிடலாகாது.

ஒரு றப்பர் வளையத்தின் விலை மிகச் சிறிது. சவர்க்கார நீர் தடவச் சில நிமிடங்களே செல்லும். அவ்வேலை செய்யப்பட்டதா என்பதைக் களஞ்சியப் பொறுப்பாளர் நாள்தோறும் ஒரு கொப்பியிற் குறித்து வைப்பாராக. சரிவின் மேலே யந்திரத்தை ஓட்டுபவரின் உயிரும், சரிவின் கீழே மாலையில் அடுப்பு மூட்டும் குடும்பத்தாரின் உயிரும் அக்கவனத்திலேயே தங்கியுள்ளன.