தண்டப்பணமும் கடல் கடந்த வாழ்வும்

திருகோணமலை உட்துறைமுக வீதியில், மது அருந்திய நிலையில் மோட்டார் சைக்கிள் செலுத்திய ஒருவர் பொலிசாரிடம் பிடிபடுகிறார் எனக் கொள்க. நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைச் செலுத்துகிறார். வழக்கு அத்துடன் தீர்ந்ததென வீட்டார் எண்ணுவர். பின்னர், கனடாவில் வாழும் மனைவி அவரை அழைக்க விண்ணப்பிக்கும்போது, பொலிஸ் சான்றிதழோடு அந்த வழக்கும் மேசைக்கு வந்து சேருகிறது.

இங்குள்ள நீதிமன்றம் எவ்வளவு தண்டித்தது என்பதைக் கனடாவின் குடிவரவுச் சட்டம் அளவுகோலாகக் கொள்வதில்லை. அதே செயல் கனடாவில் நிகழ்ந்திருப்பின் விதிக்கத்தக்க உச்சத் தண்டனை யாது என்பதே அதன் வினா. முன்னர் அது 5 ஆண்டுச் சிறையாக இருந்தது. 2018 டிசம்பர் 18 முதல் 10 ஆண்டாயிற்று. பத்தாண்டு வரம்பைத் தொட்டதும் அக்குற்றம் பாரதூரமான குற்றங்களின் வகுப்பில் சேர்ந்துவிடுகிறது. செலுத்தியது சிறு தொகையே என்னும் வாதம் அங்கே எடுபடாது. இயந்திரப் படகைச் செலுத்துவோருக்கும் அந்நாட்டில் இதே சட்டந்தான். துறைமுகத்து மக்கள் இதனையும் அறிந்திருத்தல் நன்று.

கனடாவிலே நிரந்தர வதிவுரிமை பெற்று வாழ்வோரும் இதற்கு விலக்கல்லர். குடியுரிமை பெற்றவரை நாடு கடத்த இச்சட்டத்தில் இடமில்லை. வதிவுரிமை மட்டும் உடையவரோ, முதற் குற்றத்துக்கு 1,000 டொலர் தண்டப்பணத்துடன் தப்பினாலும், நாட்டை விட்டு நீங்கும் கட்டளைக்கு ஆளாகலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த சிறையோ, தண்டப்பணமோ பெற்றவருக்கு மேன்முறையீட்டு உரிமை உண்டு. வெளிநாட்டில் தண்டிக்கப்பட்டவருக்கு அவ்வுரிமை கிடையாது. அவரை அழைக்கும் மனைவிக்கும் கிடையாது. இந்த வேறுபாடு கடுமையானதே.

ஆயினும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. தண்டனை முழுவதும் நிறைவேறி ஐந்து ஆண்டுகள் கடந்தபின், திருந்தியவர் என ஏற்குமாறு விண்ணப்பிக்கலாம். 2018க்கு முற்பட்ட ஒரே குற்றமாயின், பத்தாண்டு கழிந்ததும் விண்ணப்பமின்றியே அவ்வாறு கருதப்பட இடமுண்டு. ஆதலால் குற்றம் நிகழ்ந்த நாளும், தண்டப்பணம் செலுத்திய நாளும் பெறுமதியுடையவை. நீதிமன்றப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதியையும் பற்றுச்சீட்டையும் பேணி வைத்தல் வேண்டும். சிலர் தரகர் சொற்கேட்டு வழக்கையே மறைப்பர். அது வெளிப்பட்டால், பொய்யுரைத்ததற்காக மேலும் ஐந்து ஆண்டுகள் கனடாவின் வாயில் அவர்களுக்கு மூடப்படும்.