வீட்டுக்கு எத்தனை மோட்டார் சைக்கிள்?

சங்கத்து விழாக்களில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் என்னைத் தேடி வரும் கேள்விகள் இரண்டே வகை. பெரியவர்கள் கேட்பது தட்கால் டிக்கெட் பற்றி. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு அங்கே எந்தச் செல்வாக்கும் கிடையாது என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டார்கள். இளைஞர்கள் கேட்பது மோட்டார் சைக்கிள் பற்றி. "மாமா, ஒரு வண்டி இருக்கு. இன்னொண்ணு வாங்கலாம்னு பார்க்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?" இந்த இரண்டாவது கேள்விக்கு வெற்றிலை மென்றுகொண்டே பதில் சொல்ல முடியாது. ஆகவே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

இந்தக் கேள்வி பூனாவில் எழுவது இயற்கைதான். (ஊர்ப் பெயரை 'புணே' என்று மாற்றி நெடுங்காலம் ஆயிற்று. நம் வீடுகளில் இன்னும் பூனாதான்.) ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் பெற்றிருந்த ஊர் இது. பஜாஜ் ஆட்டோ ஆகுர்டியில் ஸ்கூட்டர் செய்தது. 1972-ல் சேதக் வந்தது. அரசு லைசென்ஸ் கொடுத்த எண்ணிக்கைக்கு மேல் செய்யக்கூடாது என்ற காலம். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தொழிற்சாலை பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருந்தும் பூனாக்காரனும் வரிசையில்தான் நின்றான். ஒரு வண்டி கிடைப்பதே பாக்கியம் என்றிருந்த நாளில் இரண்டாவது வண்டி பற்றி யார் யோசித்தார்கள்? 2018 ஏப்ரலில் ஆர்.டி.ஓ. கணக்குப்படி இந்நகரில் பதிவான வண்டிகள் 36 லட்சத்தைத் தாண்டின. ஜனத்தொகை சுமார் 35 லட்சம் என்றார்கள். அதில் நாலில் மூன்று பங்கு இருசக்கர வண்டி. மனிதனை விட வண்டி அதிகமான ஊரில்தான் நாம் குடியிருக்கிறோம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986-ல் வாங்கிய புல்லட் 350 ஒன்று. இன்றுவரை அது ஒன்றுதான். 1955-ல் ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியா, சென்னை திருவொற்றியூரில் செய்த வண்டி. பிழைக்க வந்த ஊரில் நம் ஊர் வண்டி ஒன்று வாசலில் நிற்கட்டுமே என்ற ஆசையும் அதில் உண்டு. சேதக்குக்குப் பேர்போன ஊரில் இப்படியொரு இரும்புக் குதிரையா என்று சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, பிஸ்டனை மேலே கொண்டு நிறுத்தி, டிகம்ப்ரெஸரைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டி, பிறகு உதைக்க வேண்டும். முறை தெரியாதவனைக் கணுக்காலில் திருப்பி உதைக்கும். வருஷக்கணக்கில் ஒரே இயந்திரத்தோடு பழகினால், டாப்பெட் சத்தம் எண்ணெய் குறைவா, இடைவெளி அதிகமா என்று காதே சொல்லிவிடும்.

இனி என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். WDM-2 என்ற டீசல் எஞ்ஜினை ரயில்வேயில் அறியாதவர் இல்லை. டபிள்யூ என்றால் அகலப்பாதை, டி என்றால் டீசல், எம் என்றால் 'மிக்ஸ்டு', அதாவது சரக்கு வண்டியும் இழுக்கும், பயணிகள் வண்டியும் இழுக்கும். 2600 குதிரைசக்தி. அமெரிக்க ஆல்கோ கம்பெனியிலிருந்து 1962-ல் வந்து, பிறகு வாராணசியில் நாமே செய்ய ஆரம்பித்தோம். இந்த ஒரே ரகம் பல பத்தாண்டுகள் நாட்டைச் சுமந்ததென்றால் காரணம், ஒரே உதிரிபாகம், ஒரே பயிற்சி, எந்த ஷெட்டுக்குப் போனாலும் கை பழகிய ஃபிட்டர். ஒன்றை நன்றாக அறிந்து வைத்திருப்பதன் பலம் அது.

ஆனால் அதே ரயில்வே கர்ஜத்தில் வேறு கணக்குப் போடுகிறது. கர்ஜத்திலிருந்து லோணாவளா வரை 28 கிலோமீட்டர் போர் காட் ஏற்றம். 37 அடிக்கு ஓர் அடி ஏறுகிற பாதை. வண்டியின் பின்னால் பேங்கர் எஞ்ஜின்களைப் பூட்டித் தள்ளவேண்டும். தள்ளி முடித்தால் அவை கீழே இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். அந்த வேலைக்கென்றே எஞ்ஜின் வைத்திருப்பது வீண் செலவா? இல்லை. ஏனென்றால் காட் தினமும் இருக்கிறது. என் அளவுகோலும் இதுதான். உங்கள் வாழ்க்கையில் காட் தினமும் வருகிறதா, வருஷத்துக்கு ஒருமுறை வருகிறதா? வருஷம் ஒருமுறை லடாக் போவதற்காக ஒரு பெரிய வண்டியை வாங்கி, மீதி நாளெல்லாம் ஹிஞ்சவடி நெரிசலில் அதன் சூட்டில் வெந்துகொண்டிருக்கிற பையன்களைப் பார்க்கிறேன். அந்த ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே.

பல வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் செலவைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். ஓடுகிற வண்டியின் செலவு கண்ணுக்குத் தெரியும். நிற்கிற வண்டியின் செலவு தெரியாது. ஷெட்டில் நெடுநாள் நின்ற டீசல் எஞ்ஜினை நாங்கள் உடனே ஸ்டார்ட் செய்யமாட்டோம். சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று முதலில் கையால் சுற்றிப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். பாட்டரி தானாகவே இறங்கும். அப்படியே விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து பிறகு சார்ஜ் ஏறாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போல ஜெட்டை அடைக்கும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை. பூனாவின் நாலு மாத மழைக்காலத்தில் பாதி காலியான டாங்க்கின் உள்ளே துருப்பிடிப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஃபில்டர் சொல்லும்போதுதான் தெரியும். பிரேக் ஆயிலும் ஈரம் குடிக்கும். பழைய புல்லட்டில் எண்ணெய் மெல்ல இறங்கி கிராங்க் அறையில் தேங்கிவிடும். அதோடு உதைத்தால் வழியில் கிடைத்த துவாரத்தில் எல்லாம் கக்கும். எலி வயரைக் கடிப்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

டயருக்கு வயது உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிதாகத் தெரியும். ஆனால் ரப்பர் கெட்டியாகிப் போயிருக்கும். ஈர ரோட்டில் அதை நம்பி பிரேக் பிடிக்கக்கூடாது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. என் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஒன்றாம் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. மற்ற வண்டிகளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். ஜாவா, எஸ்டியில் கியர் லீவரே திரும்பி கிக்கராகும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி ஓட்டுகிறவர், "பழகிவிட்டது" என்பார். சாதாரணமாக ஓட்டும்போது பழகியிருக்கும். லக்ஷ்மி ரோட்டில் ஒரு குழந்தை குறுக்கே ஓடும்போது யோசிப்பது மூளையல்ல, கால். எந்தக் காலுக்கு எந்தப் பழக்கம் ஆழமாகப் பதிந்திருக்கிறதோ, அதுதான் அழுத்தும். இரண்டு வண்டி வைப்பவர் குறைந்தபட்சம் கால் கணக்கு ஒன்றாக இருக்கும்படி வாங்கட்டும்.

இன்ஷூரன்ஸ் பற்றி இரண்டு வரி. 2022 ஜூன் முதல் அமலான விகிதப்படி 150 முதல் 350 சி.சி. வரை மூன்றாம் நபர் பிரீமியம் வருஷத்துக்கு 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804 ரூபாய், வரி தனி. வண்டிக்கு வண்டி கட்டவேண்டும். ஆனால் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு 2019 ஜனவரி முதல் ஆளுக்கு ஒன்று போதும். எல்லா வண்டியிலும் சேர்த்துக் கட்டவேண்டாம். 15 வருஷம் தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபதிவு, பசுமை வரி. 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளுக்குப் புது மாதிரி நம்பர் பிளேட்டும் மாட்டவேண்டும். ஒரு வண்டிக்கு இது ஒரு நாள் அலைச்சல். ஐந்து வண்டிக்கு?

ஐந்து என்று ஊகமாகச் சொல்லவில்லை. என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஐந்து வைத்திருந்தார். எஸ்டி, ராஜ்தூத், யமஹா ஆர்.எக்ஸ். 100, ஒரு புல்லட், பிற்காலத்தில் ஒரு பல்சர். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜூனா பஜார், நானா பேட் கடைகள் என்று சுற்றி ஒவ்வொரு சாமானாகச் சேர்ப்பார். நல்ல ரசிகர். எஸ்டியின் இரட்டை சைலன்சர் சத்தத்தைப் பற்றி அவர் பேசினால் தஞ்சாவூர்க்காரர் நாதஸ்வரம் பற்றிப் பேசுவது போலிருக்கும். 2019 கடைசியில் திடீரென்று காலமானார்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி கூப்பிட்டனுப்பினார். "அண்ணா, இதுல எது எங்க பேர்ல இருக்கு, எது ஓடும்னு எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றார். பார்த்தேன். இரண்டுக்குத்தான் ஆர்.சி. அவர் பெயரில். ஒன்று சாதாராவில் விற்றவர் பெயரிலேயே இருந்தது. அவர் எங்கே என்று தெரியவில்லை. ஒன்றுக்குப் புத்தகமே இல்லை. உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்தில் 31-ஆம் எண் படிவத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. துக்க வீட்டில் யார் இதை நினைக்கிறார்கள்? ஆனால் ஆர்.எக்ஸ். 100-ஐ விலை கேட்டுப் பதினைந்தாம் நாளே ஆள் வந்துவிட்டானாம். 1996-ல் நின்றுபோன வண்டிக்கு இன்று அவ்வளவு கிராக்கி. ஒன்றுகூட ஸ்டார்ட் ஆகும் நிலையில் இல்லை. மூன்று வண்டியைத் தீர்த்து வைக்க ஏழு மாதம் ஆயிற்று. புத்தகம் இல்லாதது பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. எஸ்டியை மட்டும் அந்த அம்மா விற்கவில்லை. கல்யாணமான வாரம் இருவரும் ஆளந்திக்குப் போனது அதில்.

இதனால் பல வண்டி கூடவே கூடாது என்கிறேனா? இல்லை. வீட்டில் ஓட்டுகிறவர் இரண்டு பேர் என்றால் வண்டியும் இரண்டு வேண்டும். அது பல வண்டி ஆகாது. முதலில் லூனாவும், பிறகு 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டாவும் இந்த ஊர்ப் பெண்களுக்குச் செய்த உபகாரத்தைப் பார்த்தவன் நான். என் மனைவி கைனடிக் ஓட்டக் கற்ற பிறகு மார்க்கெட்டுக்கு என்னை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

கட்கியில் ஓர் அன்பர் நான்கு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. எந்தத் தேதி ஓட்டினார், எத்தனை கிலோமீட்டர், எப்போது எண்ணெய் மாற்றினார், எல்லாம் அதில். வாரம் ஒரு வண்டி, கடக்வாஸ்லா வரை போய் எஞ்ஜின் நன்றாகச் சூடான பிறகே திரும்புவார். ஐந்து நிமிஷம் நின்ற இடத்தில் ஓடவிட்டு அணைப்பது பயனில்லை, சைலன்சரில் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம் என்பது அவருக்குத் தெரியும். அவர் நான்கு வைத்துக்கொள்ளலாம். ஆறு வைத்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நோட்டுப் போட முடியுமா என்று தம்பிமார்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே இரண்டு மூன்று வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யலாம். எல்லா ஆர்.சி.யையும் எடுத்து மேஜைமேல் வைத்து, யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டாரோடு உட்கார்ந்து பாருங்கள். சாவி எங்கே, இன்ஷூரன்ஸ் காகிதம் எங்கே என்று சொல்லிவையுங்கள். 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்க விதியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். என் புல்லட்டுக்கு மகள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். உதைத்து ஸ்டார்ட் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டாள். வலது கால் கியர்தான் இன்னும் படியவில்லை.