நீலகிரியில் உறைபனி இரவு

நீலகிரி மலைமேல் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காற்றடங்கி, வானம் நிர்மலமாயிருக்கும் இரவே குடியானவருக்குக் கவலை தரும் இரவாகும். மேகமிருந்தால் அவ்வளவு பயமில்லை. குளிர்ந்த காற்று கனமுடையதாகையால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்குகிறது. விடியற்காலையில் அங்குள்ள உருளைக்கிழங்குச் செடிகள் உறைந்து, வெயிலேறியதும் வெந்தாற்போற் கருகிவிடும். ஆகவே வீட்டார் முன்கூட்டியே பாத்திகளுக்கு ஜலம் பாய்ச்சி, நாற்றுக்களைக் காய்ந்த புல்லால் மூடி, கன்றுகளைத் தொழுவத்தினுள் கட்டிச் சருகு பரப்புகின்றனர். முதியோர் அடுப்பங்கரையை விட்டு நகருவதில்லை, அதைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் கரிநெருப்புச் சட்டியை உள்ளே வைத்துக் கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு உறங்குவது மிக்க அபாயகரமானது. அந்நெருப்பினின்று எழும் விஷவாயுவுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாண்டுபோவர். படுக்குமுன் சட்டியை வெளியே வைத்துவிடல் வேண்டும். கிராம அதிகாரிகள் பனிக்காலத் தொடக்கத்திலேயே இதனை வீடுதோறும் அறிவித்தல் அவசியம்.