படகில் இரண்டு பேட்டரி: சுவிட்சும் சார்ஜும்

கரையோரக் கிராமங்களில் நிலத்தோடு படகையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. இரவு முழுவதும் விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றைப் போட்டுவிட்டு, விடியற்காலையில் எஞ்சினைக் கிளப்பப் பார்த்தால் ஸ்டார்ட்டர் 'டிக்' என்ற ஓசையோடு நின்றுவிடும். வயலில் டிராக்டர் நின்றால் நாலு பேர் தள்ளிக் கிளப்பலாம். கடலில் அந்த வசதி இல்லை. வயர்லெஸும் அதே பேட்டரியில் ஓடுவதால் உதவிக்கு அழைக்கவும் வழியில்லாமல் போகும்.

இதற்காக இரண்டாவது பேட்டரி வாங்குவோர், இரண்டையும் நேராக இணைத்துவிட்டால் பயனில்லை. இரண்டும் சேர்ந்தே இறங்கிவிடும். ஒன்றை எப்போதும் எஞ்சினுக்கென்று ஒதுக்கி வைப்பதே சரியான முறை.

இங்கே சொல்வது 12 வோல்ட் படகுகளுக்கு மட்டுமே. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கும் படகுகளுக்குப் பொருந்தாது.

எதற்கு எந்த பேட்டரி?

எஞ்சினைக் கிளப்பச் சில விநாடிகளே மின்சாரம் தேவை. ஆனால் மிக அதிகமாகத் தேவை. அதற்கென வரும் பேட்டரியில் தகடுகள் மெல்லியவை. அதை விளக்குக்குப் போட்டு அடிக்கடி காலி செய்தால் சீக்கிரம் கெட்டுவிடும். விளக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெடுநேரம் கொடுக்கும் பேட்டரி வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் வகை இதற்கு ஏற்றது. எஞ்சின் பேட்டரியை 1 என்றும், விளக்கு பேட்டரியை 2 என்றும் பெயின்டால் எழுதி வையுங்கள்.

இணைக்கும் முறை

'1, 2, இரண்டும், ஆஃப்' என்று நான்கு நிலைகள் உள்ள பேட்டரி சுவிட்ச் கிடைக்கிறது. முதல் பேட்டரியின் பாசிட்டிவை 1-லும், இரண்டாவதின் பாசிட்டிவை 2-லும் கொடுக்க வேண்டும். பொது முனையிலிருந்து ஸ்டார்ட்டருக்கும் விளக்குகளுக்கும் வயர் போகும். ஆல்டர்னேட்டரின் சார்ஜ் வயரும் இந்தப் பொது முனைக்கே வர வேண்டும். இரண்டு நெகட்டிவ்களையும் ஒன்றாக இணைத்து எஞ்சினுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள் தடிமனாகவும் நீளம் குறைவாகவும் இருக்கட்டும். விளக்கு வயருக்குப் பியூஸ் கட்டாயம். அதைச் சுவிட்சுக்கு அருகிலேயே வைக்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் பம்புக்கு மட்டும் தனிப் பியூஸ் வைத்து நேராக 2-ம் பேட்டரியில் கொடுக்கலாம். சுவிட்சை ஆஃப் செய்தாலும் பம்பு ஓடும்.

சுவிட்சைத் திருப்பும் ஒழுங்கு

1. கிளம்பும்போது 1-ல் வைத்து எஞ்சினைக் கிளப்புங்கள்.
2. எஞ்சின் சீராக ஓடியதும் 'இரண்டும்' நிலைக்குத் திருப்புங்கள். இரண்டு பேட்டரியும் சார்ஜ் ஏறும்.
3. எஞ்சினை நிறுத்தியதும் 2-க்குத் திருப்புங்கள். இதை மறப்பதால்தான் பெரும்பாலும் இரண்டும் இறங்குகின்றன.
4. கரை சேர்ந்து எஞ்சினை நிறுத்திய பின் ஆஃப் செய்யுங்கள்.

எஞ்சின் ஓடும்போது சுவிட்சை ஒருபோதும் ஆஃப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சார்ஜ் போக இடமில்லாமல் வோல்டேஜ் திடீரென ஏறி, ஆல்டர்னேட்டரின் டையோடுகள் எரிந்துவிடும்.

சுவிட்சைத் திருப்ப மறந்துவிடுவோம் என்று அஞ்சுவோர், வோல்டேஜைப் பார்த்துத் தானே இணைக்கும் ரிலேயை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திக்கொள்ளலாம். எஞ்சின் பேட்டரியில் சுமார் 13.3 வோல்ட் வந்ததும் அது இரண்டையும் சேர்க்கும்; சுமார் 12.8-க்கு இறங்கியதும் பிரித்துவிடும்.

ஓர் இரவுக் கணக்கு

விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ். எல்லாம் சேர்ந்து 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 50 ஆம்பியர் மணி. பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே இந்தச் செலவுக்குக் குறைந்தது 100 ஆம்பியர் மணி பேட்டரி வேண்டும்.

எடுத்த 50-ஐத் திருப்பி ஏற்ற, நஷ்டத்தையும் சேர்த்துச் சுமார் 60 தேவைப்படும். நிறைய நிறைய பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். ஆகவே ஒரு மணி நேரம் எஞ்சின் ஓடியதை நம்பி முழு சார்ஜ் என்று எண்ணிவிடக் கூடாது. கரையில் 10 ஆம்பியர் சார்ஜரில் அவ்வப்போது முழுமையாக ஏற்றுங்கள். 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளில் 25 முதல் 30 ஆம்பியர் மணி தரும். அதற்குச் சார்ஜ் கன்ட்ரோலர் அவசியம்.

மீட்டர் சொல்வது

எல்லாவற்றையும் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருப்பது முழு சார்ஜ்; 12.2 என்பது பாதி. 12-க்குக் கீழே போனால் உடனே ஏற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை காட்டவில்லை என்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்து நெடுநேரம் 'இரண்டும்' நிலையில் விட்டால் பழையது புதியதையும் இழுத்துவிடும். பேட்டரிகளைக் காற்றோட்டமுள்ள உயரமான இடத்தில், ஆடாமல் கட்டி வையுங்கள். சார்ஜ் ஏறும்போது வரும் வாயு தீப்பற்றக்கூடியது. அருகில் பீடி, தீக்குச்சி வேண்டாம். உப்புநீர் உள்ளே போனால் நச்சுள்ள குளோரின் வாயு உண்டாகும். குறையும் தண்ணீருக்குப் பதில் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுங்கள். டெர்மினல்களைத் துடைத்து வாசலின் தடவுங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது பேட்டரிகளைக் கழற்றி, முழு சார்ஜ் ஏற்றி, மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்றி வைத்தால் தடை முடிந்த அன்றே நம்பிக் கடலுக்குப் போகலாம்.