அண்டா வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

படிப்பு முடிச்சு கேட்டரிங் ஆரம்பிக்கிறவங்க முதல்ல போய் நிக்கிற இடம் பாத்திரக்கடை. கையில இருக்கிற முதல்ல பாதி அங்கேயே காலியாகிடும்.

நம்ம காரைக்காலையே எடுத்துக்குங்க. திருநள்ளாறில் சனிக்கிழமைதோறும் கூட்டம், ஆனியில் மாங்கனித் திருவிழா, ஏறக்குறைய இரண்டரை வருஷத்துக்கு ஒரு சனிப்பெயர்ச்சி. அந்தப் பெயர்ச்சிக் கூட்டத்தை நினைச்சு ஆயிரம் பேருக்கான அண்டாவைச் சொந்தமா வாங்கினா, மத்த நாளெல்லாம் அது கவிழ்ந்துதான் கிடக்கும். பெரிய அண்டா, தேக்சா எல்லாம் வாடகைக்கு எடுத்தாப் போதும். தினமும் கை படுற அடுப்பு, கிரைண்டர், வேலை மேசைக்குத்தான் காசு போடணும்.

மேசை வாங்கும்போது உஷாரா இருங்க. 202 ரக எவர்சில்வர் விலை குறைவு. நிக்கலைக் குறைச்சு மாங்கனீசு சேர்த்தது. கடல் உப்புக்காத்துல 304-ஐவிடச் சீக்கிரம் துருப்புள்ளி விழும். "காந்தம் ஒட்டல பாருங்க"ன்னு கடையில காட்டினா நம்பிடாதீங்க. பொதுவா ரெண்டுலயுமே ஒட்டாது! பில்லில் 304-னு எழுதி வாங்குங்க.

அடுத்தது கேஸ். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக்கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான். பெரிய பர்னர் ஒத்தை சிலிண்டரில் ரொம்ப நேரம் எரிஞ்சா, வெளிப்பக்கம் பனி பூத்துத் தீ இறங்கிடும். திரவம் ஆவியாகத் தேவையான வெப்பத்தைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கிறதால அழுத்தம் குறையுது. (தெர்மோடைனமிக்ஸில் அரியர் வெச்சவங்களுக்கும் இது புரியும்.) அதனால ரெண்டு சிலிண்டருக்கான டெபாசிட்டையும், அதை இணைக்கிற குழாய்ச் செலவையும் முதல்லயே பட்ஜெட்டில் எழுதிடுங்க.