மூடியைத் திறக்காமலே வரும் தீர்ப்பு

பெங்களூரு ஜே.சி. ரோட்டிலுள்ள கார் ஸ்டீரியோ கடைகளுக்குப் பழுதான ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொண்டு போனால், பதில் பெரும்பாலும் கவுன்டரிலேயே வந்துவிடுகிறது. “போர்டு போயிடுச்சு சார், ஹொஸது தகொள்ளி.” புதுசு வாங்கிக்கோங்க என்பதுதான் விஷயம். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கிற வேலை நடப்பதில்லை. முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன் இதே ஊரில் இந்தத் தீர்ப்பு கடைசியில்தான் வரும். திறந்து, அளந்து, பாகம் தேடி, அதுவும் கிடைக்காமல் போனால்தான் மெக்கானிக் கையை விரிப்பார்.

அன்றைக்குக் காரில் பாட்டு என்பது சின்ன ஏற்பாடு. அம்பாசடரிலோ பத்மினியிலோ டாஷ்போர்டில் ஒரு ரேடியோ இருக்கும். 1980களின் நடுப்பகுதி வரை அதற்கு லைசென்ஸ் வேறு எடுக்க வேண்டும். பிறகு கேசட் பிளேயர் வந்தது. உள்ளே ஆம்ப்ளிஃபையர் என்று இருந்தது பல செட்டுகளில் விரல்நுனி அளவு ஐசிதான்: டிபிஏ 810, அப்புறம் டிடிஏ 2003. கார் பேட்டரியில் நேராக ஓடி, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 6 வாட் கொடுக்கும். டிடிஏ 2003 போய்விட்டால் ஐந்து கால்களைச் சூடாக்கி உருவிவிட்டு, எலெக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் இன்னொன்று வாங்கி வைத்தால் வேலை முடிந்தது. ஐசி விலையோடு பார்த்தால் புது செட்டின் விலை மலை. ரிப்பேரா, புதுசா என்ற கேள்வியே எழவில்லை.

இந்த ஊருக்கு அது இன்னும் எளிதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1954-இல் தொடங்கி ஜாலஹள்ளியில் வளர்ந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அறுபதுகளில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைச் செய்ய ஆரம்பித்தது. இந்தியா முழுக்க ரேடியோக்காரர்கள் ‘பெல்’ டிரான்சிஸ்டர் என்று கேட்டு வாங்கியது இங்கிருந்து போன சரக்கைத்தான். ஐ.டி.ஐ., எச்.எம்.டி. என்று பொதுத்துறை ஆலைகள் சுற்றிலும் இருந்ததால், சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை.

2001 ஜூலையில் நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். ஆன ரேடியோ சிட்டி இங்கேதான் ஒலிக்கத் தொடங்கியது. டிராஃபிக்கில் மாட்டிக்கொண்ட ஊருக்குக் காரில் நல்ல சத்தம் தேவைப்பட்டது. சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் தனி ஆம்ப்ளிஃபையர்கள் வந்தன. இவை வேறு ஜாதி. 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு பெரிய சத்தம் எழுப்ப முடியாது. அதனால் உள்ளே முதல் பாதி மின்னழுத்தத்தை ஏற்றும் சப்ளை, மறு பாதி சத்தத்தைப் பெருக்கும் அவுட்புட். பழுது எந்தப் பாதியில் என்பதில்தான் செலவு அடங்கியிருக்கிறது. பேட்டரி ஒயரைத் தொட்டதுமே ஃபியூஸ் போனால், சப்ளையிலுள்ள மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஃபியூஸ் நின்று, ‘புரொடெக்ட்’ சிவப்பு விளக்கு எரிந்தால், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது ஸ்பீக்கர் ஒயர் எங்கேயோ பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

எஸ்.பி. ரோட்டைப் பாதிக்கு மேல் கம்ப்யூட்டரும் சிசிடிவி கேமராவும் எடுத்துக்கொண்டன. ஆனாலும் அதன் சந்துகளில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பழைய ஆட்கள் இன்னும் உண்டு. ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வந்த ஆம்ப்ளிஃபையரைத் தொடுவதற்கு முன், கொண்டுவந்த பையனிடம் கேட்டார்: “கிரவுண்ட் எங்க கொடுத்திருக்காங்க? பெயின்ட் மேலயா?” “தெரியல அண்ணா” என்றான் பையன். அப்புறம்தான் மூடி கழன்றது. கருகின வாசனை வருகிறதா என்று குனிந்து பார்த்தார். மீட்டரை பீப்பில் வைத்து, ஹீட் சிங்க்கோடு இறுக்கியிருந்த டிரான்சிஸ்டர்களின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். ஒன்றில் மீட்டர் விடாமல் கத்தியது. அதை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த பழைய போர்டிலிருந்து கழற்றிய ஒரிஜினலைப் போட்டார். 2எஸ்சி 5200 மாதிரி பிரபலமான நம்பர்களில் போலி நிறைய ஓடுவதால், புதிதாக வாங்குவதைவிட இதை நம்புகிறாராம். பிறகு ஒரு ஹெட்லைட் பல்பை சீரியலில் போட்டு கரென்ட் கொடுத்தார். இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், புதிதாகப் போட்டது தப்பிக்கும். பல்பு லேசாக மினுக்கி அணைந்தது. காபி ஆறுவதற்குள் முடிந்த வேலை அது.

இவ்வளவு தெரிந்த கை இருந்தும் ஜே.சி. ரோட்டுக் கடைகள் ஏன் திறப்பதில்லை என்றால், அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஒரு மணி நேரக் கூலியும் கடை வாடகையும் ஏறின. ஆம்ப்ளிஃபையர் விலை இறங்கியது. ரிப்பேர் செய்தது திரும்பிவந்தால் கெட்ட பெயர் கடைக்காரருக்கு. பொருளும் மாறிவிட்டது. இன்றைய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் பழசைவிடக் குறைவாகச் சூடாகிறது, பேட்டரியையும் குறைவாகவே தின்கிறது. அந்த வகையில் நல்லதுதான். ஆனால் உள்ளே கடுகளவு பாகங்கள்; சிலவற்றில் போர்டின் மேல் பிசின் ஊற்றி மூடியே விடுகிறார்கள். கம்பெனியே பொருத்தித் தரும் உயர்ரகக் கார்களிலோ ஆம்ப்ளிஃபையர் காரின் நெட்வொர்க்கில் ஓர் உறுப்பு. ஒளி இழை வளையத்தில் கோத்த சில கார்களில், ஒரு பெட்டி படுத்தால் மொத்த சிஸ்டமும் ஊமை. மாற்றிய பிறகும் காருக்கு அதை அறிமுகப்படுத்தும் கோடிங் செய்தால்தான் பேசும். அந்தச் சாவி பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரிடம்.

மத்திய நுகர்வோர் துறை 2022-இல் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24-இல் இணையதளமும் தொடங்கியது. அதன் நான்கு துறைகளில் ஆட்டோமொபைலும் ஒன்று. எனக்கு வேண்டியது இன்னும் எளிமையானது: மேசைக்கு வந்த பொருளுக்கு ஒரு அரை மணி நேரம். அதற்குக் கூலி கேட்டால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கனமான ஹீட் சிங்க்கோடு வந்த பழைய கிளாஸ் ஏபி பெட்டியில் நாலு டிரான்சிஸ்டர்தான் போயிருக்கிறதென்றால் தயங்காமல் ரிப்பேர் செய்யுங்கள். அந்த விலைக்கு அப்படி ஒரு பெட்டி இனி கிடைக்காது. போர்டே கருகி, செம்புத் தடங்கள் எழும்பிவிட்டாலோ, மழைத்தண்ணீர் புகுந்து பச்சை பூத்துவிட்டாலோ விட்டுவிடலாம். அப்போதும் பழைய சாமான் வாங்கும் குஜரிக்காரரிடம் எடைக்குப் போடுவதற்குமுன், எஸ்.பி. ரோட்டு மேசைகளில் கேட்டுப் பாருங்கள், பாகங்களுக்காக எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்துக்கு, 2005 முதல் தாபஸ்பேட்டையில் இயங்கும் இ-பரிசரா போன்ற அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையங்கள் இருக்கின்றன.

புதுசுதான் என்று முடிவானாலும் பழையது எதனால் செத்தது என்று கேட்டுவிட்டு மாட்டச் சொல்லுங்கள். கதவுக்குள் நசுங்கி பாடியைத் தொடும் ஸ்பீக்கர் ஒயரும், பெயின்டின் மேல் இறுக்கிய கிரவுண்டும் காரிலேயேதான் இருக்கின்றன. புதிய பெட்டியும் அதே ஒயர்களில்தான் மாட்டப்படப்போகிறது.